முகவரியில்லா வணிகரும் முகவரியுள்ள கடைக்காரரும்

சென்ற தவணையில் எமது பீடத்தில் நிகழ்ந்த கலந்துரையாடல் ஒன்றிலே நண்பரொருவர் எழுந்து, "இந்த நாட்டில் ஒரு கதிரைகூட இல்லாத கம்பனியை, இந்த நாட்டு இறைவரித் திணைக்களத்திற் பதிவு செய் என்று சொல்வது எந்த நியாயம்?" என்று கேட்டார். மண்டபத்திற் கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களுள் விரிவுரையாளர் சிலரும் இருந்தனர். அக்கைதட்டலே இக்கட்டுரைக்குக் காரணம். கதிரை இல்லை என்பதை ஒரு வாதமாக ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு எங்கிருந்து வந்தது, அது யாருக்குப் பயன்படுகிறது என்பதைச் சற்று நிதானமாக நோக்க வேண்டியுள்ளது.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 2025ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டம், இலங்கையில் வதியாத நிறுவனங்கள் மின்னியல் வழியாக இந்நாட்டிலுள்ளோருக்கு விற்கும் சேவைகளை 18 சதவீத வரிக்குள் கொண்டுவந்தது. அதனை நடைமுறைப்படுத்த முதலிற் குறிக்கப்பட்ட நாள் 2025 ஒக்டோபர் 1 ஆகும். பின்னர் அது 2026 ஏப்ரல் 1 இற்குப் பிற்போடப்பட்டது. திரைப்படம், இசை, மென்பொருள், விளம்பரம் முதலியவற்றை விற்கும் பிறநாட்டுக் கம்பனி, இங்கே தனது விற்பனை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவைத் தாண்டின் பதிவு செய்து, வரியை அறவிட்டு, திறைசேரிக்குச் செலுத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. இதனை எதிர்ப்போர் மூன்று காரணங்களை முன்வைக்கின்றனர். இங்கே இல்லாதவருக்கு இங்கே கடமையும் இல்லை என்பது முதலாவது. உலகம் முழுவதும் பதிவு செய்து திரிவது தாங்கொணாச் சுமை என்பது இரண்டாவது. வற்புறுத்தினால் அவர்கள் எம்மைக் கைவிட்டுப் போய்விடுவர் என்பது மூன்றாவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரி, கம்பனியின் இலாபத்தின் மீது விதிக்கப்படுவதன்று. மக்கள் வாயில் 'வற்' என வழங்கும் இவ்வரியைச் சுமப்பவர் ஈற்றிலே பொருளை நுகர்பவர். விற்பவர் அதனை வாங்கிக் கையளிக்கும் சேகரிப்பாளர் மாத்திரமே. என் தாய்மாமன் சந்தியிலே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணிக்கும் சீமெந்துக்கும் அவர் எழுதும் பற்றுச்சீட்டில் வரி தனியே நிற்கிறது. கொள்வனவின்போது தாம் செலுத்திய வரியைக் கழித்து, மிகுதியை ஒவ்வொரு மாதமும் 20ஆந் திகதிக்கு முன் கட்டுகிறார். அதற்கெனக் கணக்கர் ஒருவருக்கும் சம்பளம் கொடுக்கிறார். அது அவருடைய பணமன்று, வாடிக்கையாளரின் பணம். அதேபோன்று, விடுதியில் எனது அறைத்தோழர் மாதந்தோறும் வங்கி அட்டையாற் படம் பார்க்கக் கட்டும் பணத்தின் மீதான வரியும் அவர் இலங்கையில் நுகர்வதனாலேயே எழுகிறது. நுகர்பவர் இங்கே இருக்கிறார்; நுகர்வு இங்கே நிகழ்கிறது. சேகரிப்பவரின் கதிரை எங்கே கிடக்கிறது என்பது அவ்வரியின் நியாயத்தை எவ்வகையில் மாற்றும்?

இந்தக் 'கதிரை நியாயம்' எமது நண்பரின் சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. அதற்கு அரை நூற்றாண்டு கடந்த வரலாறு ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அங்கே நாடு தழுவிய விற்பனை வரி இல்லை. 45 மாநிலங்களும் தலைநகர் வாசிங்டனும் தத்தமக்கென வரி விதிக்கின்றன. மிசூரி மாநிலத்திலிருந்த நஷனல் பெல்லஸ் ஹெஸ் என்ற தபாற்கட்டளைக் கம்பனி, ஆண்டுக்கு இருமுறை விலைப்பட்டியற் புத்தகத்தை இலினோய் மாநிலத்து வீடுகளுக்கு அனுப்பி, பொருள்களைத் தபாலிலே விற்றது. அங்கே அதற்குக் கடையுமில்லை, முகவருமில்லை. இலினோய் அரசு வரியை அறவிட்டுத் தா எனக் கேட்டபோது, 1967இல் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் கோரிக்கையை நிராகரித்தது. 1992இல் குவில் என்ற அலுவலகப் பொருட் கம்பனியின் வழக்கிலும் அதே விதி நிலைநிறுத்தப்பட்டது. வட டக்கோட்டாவிலே ஏறத்தாழ 3,000 வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் பெறுமதியான பொருளை விற்ற அக்கம்பனிக்கு அம்மாநிலத்திற் பௌதிக இருப்பு இல்லை எனக் கூறி அது விடுவிக்கப்பட்டது.

இதன் விளைவு யாது? தெருவோரத்துக் கடைக்காரர் வரி சேர்த்து விற்றார். தொலைவிலிருந்தவர் வரியின்றி விற்றார். கடையிலே பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டிற் போய்த் தொலைவிலிருந்து வாங்குவது வழக்கமாயிற்று. சட்டப்படி வாங்கியவர் தாமாகவே 'பாவனை வரி' செலுத்த வேண்டுமெனினும், அதனை மனமுவந்து செலுத்தியோர் மிகச் சிலரே. தனியார் வருமானத்துக்கு மாநில வரியே இல்லாத, விற்பனை வரியிலேயே பெரிதும் தங்கியிருந்த தென் டக்கோட்டா, 2016இல் இவ்விதியைச் சவாலுக்கு அழைக்கவென்றே ஒரு சட்டத்தை இயற்றிற்று. ஆண்டுக்கு 100,000 டொலருக்கு மேல், அல்லது 200 தடவைகளுக்குக் குறையாமல் விற்பவர் எங்கிருந்தாலும் வரி அறவிட வேண்டும் என்பது அச்சட்டம். வேஃபெயார் முதலிய மூன்று இணைய வணிகக் கம்பனிகள் எதிர்த்து வழக்காடின. 2018 யூன் 21 அன்று, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, உயர் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. 1992இற் பழைய விதிக்கு உடன்பட்ட நீதியரசர் கெனடியே 2018இல் அதனைத் தகர்க்கும் தீர்ப்பை எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. முதலாளித்துவத்தின் தாயகமே கைவிட்ட ஒரு கோட்பாட்டை எமது பீடத்து மண்டபத்திலே கைதட்டி வரவேற்கிறோம்! அதுமட்டுமன்று, இத்தீர்ப்பின் பின்னர் மாநிலங்கள் வகுத்த எல்லைகள் பிறநாட்டு வணிகரையும் கட்டுப்படுத்துகின்றன. இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்கும் உடன்படிக்கைகள் வருமான வரி பற்றியனவாதலால், மாநில விற்பனை வரியின் முன் அவை கேடயமாக நிற்பதில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் அங்கே எல்லையைத் தாண்டி விற்றால், "எனக்கு அங்கே கதிரை இல்லை" என்ற விடை அங்கு எடுபடாது.

இனிச் சுமை பற்றியது. இதில் உண்மை இல்லை என நான் கூறமாட்டேன். அமெரிக்காவில் மாநிலம், மாவட்டம், நகரம் என வரி விதிக்கும் அதிகார எல்லைகள் 10,000இற்கு மேற்பட்டவை. அவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் ரொபேட்ஸ் சில வேடிக்கைகளைச் சுட்டிக்காட்டினார். நியூ ஜேர்சியிலே கம்பளி நூலைக் கலைவேலைக்கென வாங்கினால் வரி உண்டு. அதே நூலை மேலாடை பின்னுவதற்கென வாங்கினால் வரி இல்லை. இலினோயிலே ஓர் இனிப்புக் கட்டியில் மாவு சேர்ந்திருந்தால் அது உணவு, சேராதிருந்தால் அது மிட்டாய். வரியும் அதற்கேற்ப வேறுபடும். வாங்குபவரின் மனத்திலுள்ள மேலாடையை விற்பவர் எங்ஙனம் அறிவார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயின் இச்சுமையைச் சுட்டிக்காட்டி ஓலமிட்டவர்கள் யார்? எவ்வூரில் எவர் எந்நேரத்தில் எப்பொருளைப் பார்த்தார் என்பதையெல்லாம் கணக்கிட்டு விளம்பரம் அனுப்பும் ஆற்றல் படைத்த கம்பனிகள்! வாங்குபவரின் ஆசையை அறியும் இயந்திரத்துக்கு அவருடைய மாநிலத்தின் வரி வீதம் மட்டும் தெரியாது போய்விடுமா? சுமை உண்மையானது, ஆனால் அதனைச் சுமப்பவர் வேறு, அழுபவர் வேறு.

சுமப்பவர் யார் என்பதைக் காண ஐரோப்பாவை நோக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2003 யூலை முதலே ஒன்றியத்துக்கு வெளியிலுள்ளோர் விற்கும் மின்னியல் சேவைகளை வரிக்குட்படுத்தியது. ஏதேனும் ஓர் உறுப்பு நாட்டிற் பதிந்து எல்லா நாடுகளுக்குமான வரியையும் அங்கேயே செலுத்தும் வசதியையும் அளித்தது. இது நல்ல ஏற்பாடே. ஒன்றியத்துக்குள்ளிருந்த கம்பனிகளோ 2015 வரை தாம் நிலைகொண்ட நாட்டின் வீதத்தையே அறவிட்டன. ஆகவே பெருங்கம்பனிகள் வீதம் மிகக் குறைந்த லக்சம்பேர்க்கிற் குடியேறின. 2012இல் அந்நாடு மின்னூல்களுக்கு 3 சதவீதமே விதித்தது. 2015 ஜனவரி முதல் வாங்குபவரின் நாட்டு வீதமே செல்லும் என விதி மாற்றப்பட்டது. கதிரையை எங்கே போடுவது என்பதைப் பெரியவர்கள் எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தனர் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா?

2021 யூலை 1 இலிருந்து பண்டங்களுக்கும் புதிய ஒழுங்கு வந்தது. அதுவரை 22 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த விலக்கு ஒழிந்தது. 150 யூரோ வரையான பொதிகளுக்கு விற்பவரே விற்பனையின்போது வரியை அறவிட்டு, ஒரே பதிவின் கீழ் மாதந்தோறும் கட்டலாம். ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர் இவ்வசதியைப் பெறுவதற்கு ஒன்றியத்துள் ஓர் இடைத்தரகரை நியமிக்க வேண்டும். நோர்வே போன்று விசேட உடன்பாடுள்ள நாட்டவருக்கே அதிலிருந்து விலக்கு. இடைத்தரகர் வரிக்குப் பொறுப்பேற்பவராதலால் அவருக்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும்.

என் ஊர்த் தோழி ஒருத்தி பனையோலைப் பெட்டிகள் பின்னி ஜேர்மனியிலுள்ள எம்மவருக்கு அனுப்பி வந்தாள். பெட்டி ஒன்று 20 யூரோவுக்கு உட்பட்டது. தடங்கலின்றிப் போய்ச் சேர்ந்தது. 2021 இன் பின்னர் பொதியைப் பெறுபவரிடம் வாசலில் வைத்து வரியும், அதற்கு மேலாகக் கையாளற் கட்டணமும் கேட்கப்பட்டன. பெட்டியின் வரியைவிடக் கட்டணம் அதிகம். இரண்டு பொதிகள் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. திரும்பியவற்றுள் ஒன்று நசுங்கியிருந்தது. இடைத்தரகரை நியமிக்க அவள் விசாரித்தாள். அவர்கள் கேட்ட ஆண்டுக் கட்டணம் அவளுடைய ஆண்டு விற்பனையை ஏறக்குறைய விழுங்கிவிடும்.

இங்கேதான் எனது உண்மையான சினம் எழுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துள் ஒரு நாட்டிலிருக்கும் சிறுவணிகர், பிற உறுப்பு நாடுகளுக்கு விற்பதில் ஆண்டுக்கு 10,000 யூரோ வரை தம் நாட்டு விதியின்படியே நடக்கலாம். 2025 ஜனவரி முதல் ஒன்றியத்துச் சிறு வணிகருக்கு உறுப்பு நாடுகள் 85,000 யூரோ வரை வரிவிலக்கும் அளிக்கலாம். பிரித்தானியாவில் வதியும் வணிகருக்கு 2024 ஏப்ரலிலிருந்து எல்லை 90,000 பவுண். இவ்வெல்லைகளுள் ஒன்றேனும் வெளியிலுள்ள எமக்கு இல்லை. இலங்கையிலிருந்து ஒரு மென்பொருளை அங்குள்ள நுகர்வோருக்கு நேரடியாக விற்பவருக்கு முதல் யூரோவிலிருந்தே, முதல் பவுணிலிருந்தே கடமை தொடங்குகிறது. வாங்கியவர் எந்த நாட்டவர் என்பதற்கு முகவரி, வங்கி, இணைய இலக்கம் முதலிய சான்றுகளைத் திரட்ட வேண்டும். பதிவேடுகளைப் பத்து ஆண்டுகள் பேண வேண்டும். இனி எமது சட்டத்தைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய கம்பனிக்கும் 60 மில்லியன் ரூபா வரை விலக்களித்தே நாம் கதவைத் தட்டுகிறோம். அவர்கள் எமது பனையோலைப் பெட்டிக்கு அளிக்காத சலுகையை நாம் அவர்களுடைய மாளிகைக்கு அளிக்கிறோம். அதற்குப் பின்னும் 'கொடுமை' என்ற கூக்குரல் எம்மவர் வாயிலிருந்தே எழுகிறது.

மூன்றாவது வாதம் வெறும் பூச்சாண்டி. 2018 யூலை 1 முதல் அவுஸ்திரேலியா 1,000 டொலர் வரையான இறக்குமதிப் பொதிகளுக்கும் பிறநாட்டு விற்பனையாளரே வரி அறவிட வேண்டும் என்றபோது, அமேசன் தனது அமெரிக்கக் கடையை அவுஸ்திரேலியருக்கு மூடிவிட்டது. மிரட்டல் பலிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரிலே கதவு மீண்டும் திறந்தது, வரியும் அறவிடப்பட்டது. அவுஸ்திரேலியா செல்வந்த நாடு, எமது சந்தை சிறியது, எம்மை எளிதிற் கைவிடுவர் என்று சிலர் சொல்லக்கூடும். சந்தை சிறியதென்பது மெய்யே. ஆயினும் பெறுமதி சேர் வரி அல்லது அதனை ஒத்த வரியை விதிக்கும் நாடுகள் நூற்றெழுபதுக்கு மேற்பட்டவை. இக்கம்பனிகள் ஏற்கெனவே பல நாடுகளிற் பதிந்து வரி கட்டுகின்றன. இன்னொரு நாட்டின் வீதத்தைப் பட்டியலிற் சேர்ப்பது அவற்றின் கணக்காளருக்கு ஒரு பிற்பகல் வேலை.

இவ்வளவு எழுதியபின், மறுதரப்பாரையும் விட்டுவிட மனமில்லை. "பல்தேசியக் கம்பனிகள் மீது வரி விதித்துவிட்டோம்" என்று மார்தட்டுவோரைச் சொல்கிறேன். இது பச்சைப் பொய். மேலே கூறியவாறு இவ்வரியைச் சுமப்பவர் எனது அறைத்தோழர்தான்; கம்பனியின் இலாபத்தில் ஒரு சதமேனும் குறைவதில்லை. நுகர்வு வரி ஏழைக்கும் செல்வந்தனுக்கும் ஒரே வீதத்தில் விழுவதால், வருமானத்தோடு ஒப்பிடின் ஏழைக்கே அது பாரமானது. 2019 டிசம்பரிலே இந்நாட்டின் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டதும், 2020இன் தொடக்கத்திலிருந்து பதிவு எல்லை ஆண்டுக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனாக உயர்த்தப்பட்டதும், 2022 ஏப்ரலில் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியதும், பின்னர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியதும் நாம் கண்டவை. எல்லையும் 60 மில்லியனுக்கு இறங்கியது. சவர்க்காரத்தின் மீதும் பிஸ்கற்றின் மீதும் இவ்வளவும் ஏற்றப்பட்டபோது, தொலைவிலிருந்து விற்கப்பட்ட சேவை வரியின்றி நின்றது. அந்த ஓட்டையை அடைப்பது சரியே. ஆனால் அது ஓட்டை அடைத்தல் மாத்திரமே.

கம்பனியின் இலாபத்தைத் தொடுவது வேறு போராட்டம். அங்கே பழைய கதிரை இன்னமும் அசையாது கிடக்கிறது. இரட்டை வரி உடன்படிக்கைகளின்படி, 'நிரந்தரத் தாபனம்' இல்லாத கம்பனியின் வணிக இலாபத்துக்கு நுகர்வோரின் நாடு பொதுவாக வருமான வரி விதிக்க இயலாது. இதனை மாற்றுவதாகக் கூறிய பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனத்தின் ஏற்பாட்டுக்கு 2021 ஒக்டோபரில் 136 நாடுகள் இணங்கின. இணங்காத நான்கு நாடுகள் கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. இந்த ஒரு செய்தியையாவது எமது பொருளியல் வகுப்புகளில் நாம் பெருமையோடு விவாதித்திருக்க வேண்டும். நானறிந்த வரையில் விவாதிக்கவில்லை. நுகர்வோரின் நாடுகளுக்கு இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் பகுதி, 2024 யூன் என்ற காலக்கெடு கடந்தும் கையொப்பத்துக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா அவ்வுடன்பாட்டுக்குத் தான் கட்டுப்படவில்லை என அறிவித்தது.

இன்னுமோர் ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். சிறிய விற்பனையாளர் ஆயிரமாயிரம் பேரைத் துரத்துவதைவிட அவர்கள் விற்கும் இணையச் சந்தைகளையே வரி சேகரிப்பாளராக்குவது இலகு என அரசுகள் கண்டுகொண்டன. அமெரிக்க மாநிலங்கள் அவ்வாறே சட்டமியற்றின. ஐரோப்பாவில் 2021 இன் பின் அச்சந்தைகளே விற்பனையாளராகக் கருதப்படுகின்றன. நிர்வாகத்துக்கு இது வசதி. ஆயின் பிரித்தானியர் காலத்திலே இங்கே நெல்வரியும் ஆயமும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்டதை வரலாற்று மாணவர் அறிவர். அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மக்களிடம் தாமே அறவிட்டவர் குத்தகைக்காரர். இன்றைய சந்தைகள் வரியிற் பங்கு எடுப்பதில்லை என்ற வேறுபாடு உண்டு. ஆனால் அவை பெறும் அதிகாரம் அதனை நினைவூட்டுகிறது. பதிவுச் சுமைக்கு அஞ்சும் சிறியவர் அவற்றின் குடைக்குள் ஒதுங்கியே ஆக வேண்டும். ஒதுங்கியபின் தரகு எவ்வளவு என்பதை அவையே தீர்மானிக்கும்.

ஆகவே எமது கோரிக்கை கம்பனிகளுக்கு விலக்கு என்பதாக இருக்க இயலாது. சட்டம் இன்னொரு முறை பிற்போடப்படலாகாது. எந்தெந்தப் பிறநாட்டுக் கம்பனிகள் பதிந்துள்ளன என்பதைத் திணைக்களம் பெயர் குறித்து வெளியிட வேண்டும். பதியாதவர் வரியெனப் பணம் பிடித்துத் தம்மிடமே வைத்துக்கொள்ள இடமிருக்கக் கூடாது. ஐரோப்பாவுடனும் பிரித்தானியாவுடனும் வர்த்தகம் பேசச் செல்வோர், ஆடைத் தொழிற்சாலைகளுக்கான தீர்வைச் சலுகையை மாத்திரம் கேட்டுவிட்டுத் திரும்பலாகாது. நாம் அவர்தம் கம்பனிகளுக்கு ஓர் எல்லை வரை விலக்களிக்கிறோம். எமது சிறு விற்பனையாளருக்கும் ஓர் எல்லையை அவர்கள் தர வேண்டும், அல்லது நோர்வேக்குக் கொடுத்ததுபோல் இடைத்தரகரின்றிப் பதிய வழி விட வேண்டும். இதனை எம் தரப்பில் எவரேனும் மேசையில் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் தோழி இப்பொழுது ஓர் இணையச் சந்தையின் மூலமே பெட்டிகளை விற்கிறாள். வரியை அச்சந்தை அறவிடுகிறது, பொதிகள் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தரகு கழிந்து மிஞ்சுவதைக் கணக்கிட்டுப் பார்த்து, பெரிய பெட்டிகளை நிறுத்திவிட்டுச் சிறியவற்றை மட்டும் பின்னுகிறாள்.